அடைபட்ட எழுத்துகளும் ஒரு பழைய விண்டோசும்

மாட்டுங்காவில் கல்யாணப் பத்திரிகை, தாராவியில் கோவில் கொடை நோட்டீஸ், செம்பூரில் சங்கத்தின் ஆண்டு மலர், கல்யாணிலும் டோம்பிவிலியிலும் காதணி விழா அழைப்பிதழ் என்று மும்பைத் தமிழரின் வாழ்க்கையில் அச்சு நுழையாத நிகழ்ச்சி குறைவு. 1990களின் நடுவிலிருந்து ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் இந்த வேலையெல்லாம் டிடிபி கடைகளில் பேஜ்மேக்கரில் நடந்தது. அடோபி நிறுவனம் 2001இல் பேஜ்மேக்கர் 7ஐ வெளியிட்டது. அதற்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை. 2004இல் அதை மேம்படுத்தும் பணியையே நிறுத்திக்கொண்டது. ஆனால் அதில் உருவான கோப்புகள் குறுந்தகடுகளிலும் கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்குகளிலும் இன்னும் இருக்கின்றன. அவற்றில் இருப்பது ஒரு சமூகத்தின் பெயர்ப் பட்டியல், ஊர்ப் பட்டியல், விழாக் கணக்கு. வேறெங்கும் எழுதி வைக்கப்படாத வரலாறு.

அந்தக் கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் அழித்துவிடுகிறார்கள். கோப்பு கெடவில்லை. அதைப் படிக்கத் தெரிந்த சூழல்தான் இல்லாமல் போயிருக்கிறது. அந்தச் சூழலை மறுபடியும் எழுப்பும் வழிதான் இந்த அத்தியாயம்: விண்டோஸ் எக்ஸ்பியை அதன் காலத்துக் கணினி ஒன்றிலும் நம் காலத்துக் கணினி ஒன்றிலும் நிறுவிப் பார்ப்பது.

முதலில், எதற்காக எக்ஸ்பி? பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று வர வேண்டுமானால் விசைப்பலகையில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி ஆகியவற்றை அடிக்க வேண்டும். கணினியின் நினைவகத்தில் பதிவாவது 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்கள். கணினியைப் பொறுத்தவரை அவை முழுக்க முழுக்க ஆங்கிலம். ஜே இருக்க வேண்டிய இடத்தில் 'த'வின் படத்தையும், கே இருக்க வேண்டிய இடத்தில் 'ம'வின் படத்தையும் எழுத்துரு வரைந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழ் மறைந்துவிடும். யூனிகோடு எனும் ஒருங்குறியில் அதே சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்று பதிவாகிறது. இந்த எண்கள் தமிழுக்கே உரியவை. எழுத்துரு இல்லாவிட்டாலும் அவை தமிழாகவே இருக்கும்.

பாமினி ஒன்றுதான் என்றால் சிக்கல் சிறியது. புனேயின் மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனத்தின் ஸ்ரீலிபிக்கு ஓர் அட்டவணை, வானவில்லுக்கு வேறொன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் ஆகியவை தனி. இணையத்தில் தமிழர்கள் கூடி வகுத்த டிஸ்கி தனி. டிஸ்கியில் 'இ'க்கு முதலில் 173ஆம் இடம் கொடுத்திருந்தார்கள். ஐரோப்பிய அட்டவணையில் அந்த எண் கண்ணுக்குத் தெரியாத வரி உடைப்புக் குறிக்கு உரியது. ஆகவே சில செயலிகளில் 'இ' மட்டும் காணாமல் போனது. பின்னர் 254ஆம் இடத்திலும் ஓர் 'இ' வைக்க வேண்டியதாயிற்று. ஒரு மொழியின் உயிரெழுத்து இப்படி இடம் தேடி அலைந்த காலம் அது.

விண்டோஸ் வரிசையில் தமிழ் ஒருங்குறியை முதலில் ஏற்றது விண்டோஸ் 2000. லதா எழுத்துரு அதனோடு வந்தது. 2001 அக்டோபர் 25 அன்று வெளியான எக்ஸ்பியும் அதைத் தொடர்ந்தது. ஆனால் எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய, வட்டார அமைப்புகளுக்குப் போய் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவைத் தேர்ந்தெடுத்து, நிறுவல் தட்டை மறுபடியும் உள்ளே போட வேண்டும். பலர் இதைச் செய்யாமலே எக்ஸ்பிக்குத் தமிழ் வராது என்று முடிவு கட்டியிருந்தார்கள். செய்தால், பேஜ்மேக்கரும் பழைய எட்டு பிட் எழுத்துருக்களும் ஒரு பக்கம், ஒருங்குறித் தமிழ் மறுபக்கம் என இரண்டும் ஒரே திரையில் கிடைக்கும். இதற்கு முந்தைய விண்டோஸ் 98இல் இரண்டாவது பக்கம் இல்லை. இன்றைய விண்டோஸில் முதல் பக்கம் தள்ளாடுகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பதால் எக்ஸ்பிதான் இந்த வேலைக்குப் பொருத்தம்.

இப்போது பழைய கணினி. 2003, 2004 வாக்கில் வாங்கிய பென்டியம் 4 ஒன்று பரணில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பி கேட்பது மிகக் குறைவு: 233 மெகாஹெர்ட்ஸ் செயலி, 64 எம்பி நினைவகம், ஒன்றரை ஜிபி இடம். மென்பொருள் வகையில் இந்தக் கணினி எந்தத் தடையும் சொல்லாது. தொல்லை தருவது வன்பொருளின் வயது.

மதர்போர்டில் காசு போல இருக்கும் சிஆர்2032 மின்கலம் தீர்ந்திருக்கும். அப்படியானால் கணினி ஒவ்வொரு முறையும் தேதியையும் டிஸ்க் அமைப்புகளையும் மறந்துவிடும். புதியது போடுவது ஒரு நிமிட வேலை. அடுத்து மின்தேக்கிகளைப் பார்க்க வேண்டும். 1999 முதல் 2007 வரை தயாரான பல மதர்போர்டுகளில் தரக்குறைவான மின்பகுளி கொண்ட மின்தேக்கிகள் பொருத்தப்பட்டன. அவற்றின் தட்டையான தலை உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ, நிறுவல் பாதியில் நிற்பதற்கு விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. கிராண்ட் ரோடு நிலையத்துக்கு அருகே லாமிங்டன் சாலையில் இவற்றைக் கழற்றி மாற்றிக் கொடுக்கும் கைகள் இன்னும் உண்டு. மும்பை மழைக்காலத்தின் ஈரக்காற்றில் நினைவகப் பட்டையின் தொடுமுனைகள் மங்கிவிடும். கணினி மூன்று முறை கூவிவிட்டு அமைதியானால், பட்டையைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகுவார்கள் நம் ஊர் மெக்கானிக்குகள். அதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. தொடுமுனையில் படிந்த அழுக்குப் படலம் மின்தடையைக் கூட்டுகிறது, ரப்பர் அதை நீக்குகிறது. அழுத்தித் தேய்த்தால் மேல் பூச்சும் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பழைய கணினியில் ஒரே ஒரு மென்பொருள் பொறி உண்டு. அது டிஸ்கின் அளவு. அந்தக் காலத்து டிஸ்க் முகவரி 28 பிட் நீளம் கொண்டது. இரண்டின் 28ஆம் அடுக்கை ஒரு பிரிவின் அளவான 512ஆல் பெருக்கினால் சுமார் 137 ஜிபி வரும். முதல் வெளியீட்டு எக்ஸ்பிக்கு அதற்கு அப்பால் உலகம் இல்லை. 48 பிட் முகவரி 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக்குடன்தான் வந்தது. பழைய தட்டோடு 250 ஜிபி டிஸ்கில் நிறுவினால் பாதி டிஸ்க் காணாமல் போகும். வேறு கணினியில் ஏற்கெனவே நிரப்பிய டிஸ்காக இருந்தால் தரவு சிதையவும் கூடும். மூன்றாம் சர்வீஸ் பேக் சேர்ந்த தட்டைத் தேடிப் பிடிப்பது நல்லது. உரிமக் குறியீடு கணினிப் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும். அது மங்குவதற்குள் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

உண்மையான பாடம் புதிய கணினியில்தான் இருக்கிறது. வேகமான செயலி, நிறைய நினைவகம் உள்ள இயந்திரத்தில் பழைய விண்டோஸ் பறக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பதோ வேறு.

கணினியை முடுக்கியதும் முதலில் விழிப்பது பயாஸ் எனும் உள்ளமைந்த நிரல். டிஸ்கின் முதல் 512 பைட்டுகளை அது நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. அதில் 446 பைட் சிறு நிரல், 64 பைட்டில் நான்கே நான்கு பகுதிகளின் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாள முத்திரை. அந்தச் சிறு நிரல் அடுத்த நிரலை எழுப்ப, அது விண்டோஸின் கருநிரலை எழுப்புகிறது. இதுவரை டிஸ்கிலிருந்து படித்துக் கொடுப்பது பயாஸ்தான். கருநிரல் பொறுப்பை ஏற்ற அடுத்த நொடியிலிருந்து பயாஸ் ஒதுங்கிவிடுகிறது. இனி கருநிரல் தன் சொந்த இயக்கியைக் கொண்டுதான் டிஸ்கைத் தொட முடியும்.

மும்பைக்காரர்களுக்கு இது பழகிய காட்சி. நம் புறநகர்ப் பாதை 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கிய காலத்தில், வடக்கிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்னோட்ட எஞ்சினோடு வந்த ரயில்கள் இகத்புரியில் எஞ்சின் மாற்றிக்கொண்டுதான் காசாரா மலைப்பாதையில் இறங்கிக் கல்யாணுக்கு வந்தன. ஒரு எஞ்சின் கழன்று, அடுத்த எஞ்சின் மாட்டப்படவில்லை என்றால் ரயில் அங்கேயே நிற்கும். எக்ஸ்பியும் அப்படித்தான் நிற்கிறது. 2001இல் அதற்குத் தெரிந்தது ஐடிஇ வகை டிஸ்க் இணைப்பு. பின்னர் வந்த ஏஹெச்சிஐ முறைக்கும், இன்றைய என்விஎம்ஈ முறைக்கும் அதனிடம் இயக்கி கிடையாது. பயாஸ் கழன்றுவிட்டது, சொந்த எஞ்சின் இல்லை. நீலத்திரை வருகிறது, அதில் 7பி என்று முடியும் ஒரு பிழை எண். துவங்க வேண்டிய டிஸ்கை எட்ட முடியவில்லை என்பது அதன் பொருள். தான் எந்த டிஸ்கிலிருந்து எழுந்ததோ அந்த டிஸ்கே அதற்குத் தெரியவில்லை!

இதற்கு மூன்று வழிகள் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முந்தைய கணினி என்றால் பயாஸ் அமைப்பில் டிஸ்க் முறையை ஐடிஇக்கு மாற்றலாம். அல்லது நிறுவல் தொடங்கும்போது எஃப்6 விசையை அழுத்தி, ஃபிளாப்பியிலிருந்து இயக்கியைக் கொடுக்கலாம். ஃபிளாப்பியும் இல்லையென்றால் என்லைட் என்ற கருவியால் இயக்கியை நிறுவல் தட்டுக்குள்ளேயே சேர்த்து, புதிய தட்டு எழுதிக்கொள்ளலாம். 2008, 2010 வாக்கில் டிடிபி கடைகளுக்கு எக்ஸ்பி போட்டுக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியில்தான் போனார்கள்.

அதையும் தாண்டினால் விசைப்பலகை செத்துவிடும். பயாஸ் இருக்கும்வரை யுஎஸ்பி விசைப்பலகையைப் பழைய பிஎஸ்2 விசைப்பலகை போல அது நடித்துக் காட்டும். கருநிரல் வந்ததும் நடிப்பு முடிகிறது. எக்ஸ்பிக்கு யுஎஸ்பி 2 வரைதான் தெரியும். 2015இல் வந்த இன்டெலின் 100 வரிசைச் சில்லுத் தொகுப்பு யுஎஸ்பி 2க்கான தனிக் கட்டுப்படுத்தியையே நீக்கிவிட்டது. எல்லாம் யுஎஸ்பி 3இன் கட்டுப்படுத்தி வழியாகத்தான். 'தொடர என்டரை அழுத்தவும்' என்று திரை கேட்கும், அழுத்தினால் எதுவும் நடக்காது. எக்ஸ்பி மட்டுமல்ல, விண்டோஸ் 7கூட இந்தக் கணினிகளில் இதே இடத்தில் முழித்தது. பின்புறம் வட்டமான பிஎஸ்2 துளை உள்ள மதர்போர்டு இருந்தால் தப்பிக்கலாம்.

மீதித் தடைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 32 பிட் எக்ஸ்பியால் 4 ஜிபிக்கு மேல் முகவரியிட முடியாது. அதிலும் மேல்பகுதியைச் சாதனங்கள் எடுத்துக்கொள்வதால் மூன்றேகால் ஜிபி அளவே மிஞ்சும். 16 ஜிபி போட்டிருந்தாலும் அதே கதை. டிஸ்க் பகுதியை எக்ஸ்பி 63ஆம் பிரிவில் தொடங்குகிறது, அதாவது 32,256ஆவது பைட்டில். இன்றைய டிஸ்குகளின் உண்மையான பிரிவு 4,096 பைட். 32,256 அதனால் வகுபடாது. ஆகவே எக்ஸ்பியின் ஒவ்வொரு கட்டமும் டிஸ்கின் இரண்டு கட்டங்களில் கால் வைக்கிறது, எழுதும் வேலை கூடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேல், பயாஸே போய்விட்டது. அதன் இடத்தில் யுஇஎஃப்ஐ வந்திருக்கிறது. பழைய பயாஸ் போல நடந்துகொள்ளும் வசதியை 2020க்குள் விலக்கிக்கொள்ளப் போவதாக இன்டெல் 2017இல் அறிவித்தது. அந்த வசதி இல்லாத கணினியில் 32 பிட் எக்ஸ்பியின் முதல் 512 பைட்டைத் தேடிவர ஆளே இல்லை.

வேகமே எதிரியானதும் உண்டு. விண்டோஸ் 95இன் சில இயக்கிகள் ஒரே கட்டளையைப் பத்து லட்சத்துச் சொச்சம் முறை சுற்றி ஓடவிட்டு, அதற்கு ஆன நேரத்தால் வகுத்துச் செயலியின் வேகத்தைக் கணித்தன. 350 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி கே6-2 அந்தச் சுற்றை முடித்த வேகத்தில், கடந்த நேரம் கணக்குக்குச் சிக்காத அளவு குறுகி, பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்தது. கணினி துவக்கத்திலேயே விழுந்தது. எதிர்காலச் செயலி இத்தனை விரைவாகும் என்று அந்த நிரலை எழுதியவர் எண்ணவில்லை. எந்த இயக்க முறைமையும் தன் காலத்து வன்பொருளைப் பற்றிய ஊகங்களின் தொகுப்புதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அப்படியானால் ஊகங்கள் பொய்க்காத ஓர் உலகத்தை அதற்குக் காட்டினால்? மெய்நிகர் இயந்திரம் செய்வது அதைத்தான். விஎம்வேர் மென்பொருள் தனக்குள் ஓடும் விண்டோஸுக்கு 1998இன் இன்டெல் 440பிஎக்ஸ் மதர்போர்டைக் காட்டுகிறது. விர்ச்சுவல்பாக்ஸும் அதே தலைமுறையின் ஐடிஇ கட்டுப்படுத்தியைக் காட்டுகிறது. 2024இல் வாங்கிய மடிக்கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு, தான் 1998இன் பெட்டியில் இருப்பதாக எக்ஸ்பி முழுமையாக நம்புகிறது. நீலத்திரை இல்லை, விசைப்பலகை சாவதில்லை. புதிய கணினியில் நேரடியாக நிறுவப் போராடுவதை விட இதுவே சரியான வழி என்பது என் தீர்மானமான கருத்து.

ஒரே ஒரு இடத்தில் இந்த வழி தோற்கும். அந்நாளைய தமிழ் மென்பொருள்கள் சில, பிரிண்டர் போர்ட்டில் செருகும் வன்பொருள் பூட்டோடு, அதாவது டாங்கிளோடு வந்தன. அது இல்லாவிட்டால் மென்பொருள் திறக்காது. அந்தப் பூட்டைத் தேடும் நிரல் 378 என்ற பதினாறடிமான முகவரியில் உள்ள மின்கம்பிகளை நேரடியாகத் தட்டிப் பார்க்கும். கடையில் விற்கும் யுஎஸ்பி மாற்றிகள் பிரிண்டருக்கு அச்சுத் தரவை அனுப்ப மட்டுமே தெரிந்தவை. அந்த முகவரியை அவை தருவதில்லை. அதனால் டாங்கிள் உள்ளவர்களுக்குப் பரணில் உள்ள பென்டியம் 4தான் தெய்வம். அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன், பின்னால் செருகியிருக்கும் அந்தச் சிறு பொருள் என்ன என்று பார்த்துவிடுங்கள். தாராவியின் பட்டறைகளில் அது வெறும் பிளாஸ்டிக்காகத்தான் அரைபடும்.

பழைய முறைமையை வைத்திருப்பது பின்தங்கியவர்களின் பழக்கம் என்று எண்ண வேண்டாம். எக்ஸ்பிக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திய பிறகும், அமெரிக்கக் கடற்படை 2015இல் பல லட்சம் டாலர் கொடுத்து அந்த ஆதரவைத் தனியாக வாங்கிக்கொண்டது. இங்கே ஏடிஎம் இயந்திரங்களில் அது தொடர்ந்து ஓடியது. 2018 ஜூன் 21 அன்று மும்பையிலிருந்து ரிசர்வ் வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது: ஆதரவு நின்ற முறைமை உள்ள ஏடிஎம்களில் நூற்றுக்கு இருபத்தைந்து அந்தச் செப்டம்பருக்குள், பாதி டிசம்பருக்குள், முழுவதும் 2019 ஜூனுக்குள் மாற வேண்டும். காலக்கெடு வைத்து மாற்ற வேண்டிய அளவுக்கு அது ஊன்றியிருந்தது.

ஆபத்தும் உண்மையானதுதான். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்ற நிரல் உலகைச் சுற்றியபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அந்தத் தாக்குதலில் பெரும்பாலும் சிக்கியவை விண்டோஸ் 7 கணினிகள். எக்ஸ்பி கணினிகள் பலவற்றில் அந்த நிரல் பரவாமல் கணினியே முடங்கியது என்று பின்னர் தெரிந்தது. அதை எக்ஸ்பியின் வலிமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எந்த ஓட்டையும் அதில் அடைக்கப்படப் போவதில்லை. ஆகவே கம்பியும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம். மெய்நிகர் இயந்திரத்திலும் பிணைய அட்டையை அணைத்து வையுங்கள். எப்படியும் இன்றைய இணையத்தளங்கள் கேட்கும் மறையாக்க முறை எக்ஸ்பியோடு வந்த உலாவிக்குத் தெரியாது. இணைத்தாலும் ஏமாற்றமே.

நிறுவி முடித்த பின்தான் வேலை தொடங்குகிறது. மூல ஹார்ட் டிஸ்கைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். முதலில் முழுப் படிமம் ஒன்று எடுங்கள். கெட்ட பிரிவுகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கும் டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற மென்பொருள் அதற்கென்றே இருக்கிறது. பிறகு எக்ஸ்பிக்குள் பேஜ்மேக்கரைத் திறந்து, எழுத்துரு சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து, உரையை எளிய உரைக்கோப்பாக வெளியேற்றுங்கள். அதை ஒருங்குறிக்கு மாற்றச் சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா தந்த என்எச்எம் கன்வர்ட்டரும், சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழும் தமிழர்களுக்குக் கிடைத்த பெரிய கொடைகள்.

மாற்றியதை மனிதக் கண் படித்தே ஆக வேண்டும். பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று எண்கள். ஒருங்குறியில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால். மாற்றி இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். தட்டச்சு செய்தவர் 'ள'கரத்தைக் கொண்டு ஔகாரக் குறியைப் போட்டிருந்தால் எந்த நிரலாலும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது இணையத்தில் பழந்தமிழ் நூல்களை வைக்க ஒருங்குறி கைக்கு எட்டவில்லை. டிஸ்கியில் ஏற்றியவற்றைத் தன்னார்வலர்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றினார்கள். அதனால்தான் அந்த நூல்கள் இன்று நம் கைபேசியில் படிக்கக் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல். அதற்கு முன் தட்டச்சான நம் வீட்டு, சங்க, கோவில் ஆவணங்களுக்கு அப்படியொரு தன்னார்வப் படை இல்லை. அவற்றை வைத்திருப்பவர்தான் அந்தப் படை.

ஆகவே ஒரு வேண்டுகோள். எக்ஸ்பி நிறுவ உங்களுக்கு நேரமில்லாமல் இருக்கலாம். அப்படியானாலும் இன்று ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொரு பழைய தமிழ்க் கோப்பின் பெயரிலும் அது எந்த எழுத்துருவில் தட்டச்சானது என்பதைச் சேர்த்து எழுதி, அந்த எழுத்துருக் கோப்பையும் அதே உறையில் வையுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் இன்னும் இருபது ஆண்டு கழித்தும் அதை மீட்க முடியும்.